தூக்கிப் பார்த்து வாங்கிய பிளேயர்

பெரியவளே, சின்னவளே,

வீட்டுக்கு எந்தப் புதுச் சாமான் வந்தாலும் நான் முதலில் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதைப் பார்த்து இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். போன மாதம் மிக்ஸி வந்தபோதும் அப்படித்தான். பெட்டியைப் பிரித்த கையோடு அதைக் குப்புறப் போட்டு அடிமூடியைக் கழற்றினேன். வாரண்டி போய்விடும் என்று உங்கள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா போஸ்ட்மார்ட்டம் பண்ணாம எதையும் வீட்ல சேக்க மாட்டாரு" என்று சின்னவள் சொன்னாள். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன். ஆனால் அது சிரிக்கிற விஷயம் இல்லை. ஒரு தடவையாவது எழுதி வைத்துவிட வேண்டும். நேரில் சொன்னால் பாதியிலேயே ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். நான் பத்தாவது, அதற்குமேல் ஐ.டி.ஐ. எழுத்து முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அத்தைக்கு ப்ளூ-ரே பிளேயர் வாங்கிக் கொடுத்த கதை இது. பெரியவள் அப்போது எட்டாவது. கடைக்கு என்னோடு வந்தாள். சின்னவள் ஒன்றாவது, அவளுக்கு நினைவிருக்காது.

இப்போது எல்லாம் போனிலேயே வந்துவிடுகிறது. அப்போது டிவிடிக்கு அடுத்து ப்ளூ-ரே என்று ஒன்று வந்திருந்தது. பார்க்க அதே வட்டத் தட்டுதான். ஆனால் படம் கழுவி வைத்த கண்ணாடி மாதிரி தெரியும் என்றார்கள். பழைய டிவிடி பிளேயரில் அது ஓடாது, அதற்கென்று தனி பிளேயர் வேண்டும். நீல நிற டப்பாவில் போட்டுக் கொடுப்பார்கள். அத்தை இன்றுவரைக்கும் அதை "நீல டப்பா" என்றுதான் சொல்கிறாள்.

அத்தை மகள் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தது மாப்பிள்ளை வீட்டு ஆள். அவர்கள் வீட்டில் எல்லாமே ஹெச்.டி.யாம். சாதா டிவிடி போட்டுத் தர மாட்டேன் என்று அந்த ஆள் நீல டப்பா ஒன்றை அத்தை கையில் கொடுத்துவிட்டுப் போனான். கொஞ்ச நாளில் ஸ்டுடியோவையும் மூடிவிட்டு ஊரை விட்டே போய்விட்டான்.

அந்தக் கல்யாணத்தில் ஒரு காரியம் நடந்தது. மாமா ஆடினார்.

மாமாவைப் பெரியவளுக்குத் தெரியும். காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டியவர். ஹார்ன் அடிப்பதற்கே கூச்சப்படுகிற மனுஷன். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மூன்று வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். அப்படிப்பட்டவர் மாப்பிள்ளை அழைப்பு அன்று, பேண்டு செட்டு சத்தத்துக்கு நடுவே, புதுச் சட்டையோடு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, தெருமுனையிலிருந்து மண்டப வாசல் வரைக்கும் ஆடிக்கொண்டே வந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஊரே பார்த்தது. பார்க்காத ஒரே ஆள் அவர் பெண்டாட்டி. அத்தை உள்ளே அறையில் பெண்ணுக்குத் தலை பின்னி முடித்துக்கொண்டிருந்தாள். விஷயம் காதில் விழுந்து வெளியே ஓடி வந்தபோது மாமா ஓரமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், ஒன்றும் நடக்காதது போல.

அதற்கப்புறம் நாலு மாதம், பார்க்கிறவர்கள் எல்லாம் அத்தையிடம் அதையே சொன்னார்கள். உன் வீட்டுக்காரர் என்னமா ஆடினார், நீ பார்த்தியா, பார்க்கலியா, அடப் பாவமே. வீட்டுக்குள் ஒரே ஒரு தடவை ஆடிக் காட்டச் சொல்லி அத்தை கேட்டாளாம். சும்மா இரு என்றாராம். நாலு மாதம் கழித்து ஒரு காலையில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் பக்கெட்டின் மேலேயே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே முடிந்துவிட்டது.

அத்தையிடம் மிச்சம் இருந்தது அந்த நீல டப்பா.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அதை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தாள். நம் டிவிடி பிளேயரில் போட்டோம். முழுங்கியது, முனகியது, வெளியே தள்ளியது. கம்மனஹள்ளியில் உங்கள் அம்மாவின் சொந்தக்காரர் வீட்டில் ப்ளூ-ரே பிளேயர் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றாள் அம்மா. அத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

"அங்க போயி சோபாவுல உக்காந்தா, காப்பி குடுத்துட்டு பத்து பேரு என் மூஞ்சியவே பாத்துக்கினு இருப்பாங்க. நான் அவரப் பாக்கறதா, அவங்க என்னப் பாக்கறதா? எங்க வூட்ல, கதவ சாத்திக்கினு, நான் ஒருத்தி பாக்கணும். நீ பாத்து ஒரு மிஷினு எடுத்துக் குடுடா. நீ எடுத்தா தப்பாது."

நீ எடுத்தா தப்பாது. அந்த வார்த்தையை நம் மர்பி டவுன் சந்தில் பாதிப் பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் தலை கொஞ்சம் பெருத்துப்போயிருந்தது.

நான் பீன்யாவில் ஒரு பேக்டரியின் பிரஸ் ஷாப்பில் இன்ஸ்பெக்டர் என்பது உங்களுக்குத் தெரியும். போலீஸ் இல்லை. தகட்டை வெட்டி, துளை போட்டு, வளைத்து வருகிற பீஸ்களைப் பார்த்து, சரி, சரியில்லை என்று சொல்கிற வேலை. அந்த வேலையில் கைதான் முதல் தராசு. இரண்டு மில்லிமீட்டர் தகடு போட வேண்டிய இடத்தில் எவனாவது ஒன்றரை போட்டால், அளக்கிற கேஜ் வைப்பதற்கு முன்பே உள்ளங்கை சொல்லிவிடும். சரியான பீஸில் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் குறி போடுவோம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு குறி. என்னுடையது ஒரு படுக்கைக் கோடு, அதன் மேல் ஒரு புள்ளி. பெரியவள் சின்ன வயசில் தன் வீட்டுப் பாடத்துக்குக் கீழே தானே அந்தக் குறியைப் போட்டு "பாஸ்" என்று சொல்வாள்.

அந்தப் பழக்கம் வெளியிலும் ஒட்டிக்கொண்டது. குக்கர், இஸ்திரிப் பெட்டி, மேசை விசிறி, எதுவானாலும் சந்துக்காரர்கள் என்னைக் கடைக்குக் கூட்டிப் போவார்கள். நான் பொருளைத் தூக்குவேன், இரண்டு தடவை மேலும் கீழும் ஆட்டுவேன், சொல்வேன். பாரம் இருந்தால் உள்ளே மால், அதாவது சரக்கு, இருக்கிறது. லேசாக இருந்தால் ஏமாற்று. இதுதான் என் சாஸ்திரம் முழுக்க. பீன்யாவில் வேலை செய்கிற முக்கால்வாசிப் பேருக்கும் இதே சாஸ்திரம்தான். அதனால் யாரும் என்னை எதிர்த்துக் கேட்டதில்லை.

அத்தையிடம் மருமகன் வாங்கிக் கொடுத்த தட்டை டி.வி. இருந்தது. பிளேயர் மட்டும் வேண்டும். ஒரு சனிக்கிழமை பெரியவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் இந்திராநகரில் ஒரு பெரிய ஷோரூம். உள்ளே நுழைந்ததும் ரூம் ஸ்ப்ரே வாசனை மூக்கில் அடித்தது. சுவர் நிறைய டி.வி., எல்லாவற்றிலும் ஒரே மீன். ஆரஞ்சு நிறத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு முப்பது இடத்தில் அதே மீன். அங்கிருந்த ஆள் முதலில் என் செருப்பைப் பார்த்தான், பிறகு முகத்தைப் பார்த்தான். கேட்ட கேள்விக்கு பதில் சொல்லாமல், மீனின் செதிலை எண்ணிப் பாருங்கள் சார் என்றான். பிளேயரோடு தங்க முலாம் பூசிய கேபிளும் வாங்கினால்தான் அந்தச் செதில் தெரியுமாம். கேபிளின் விலை பிளேயரில் பாதி. செத்துப்போன மனுஷனை ஒருத்தி பார்க்க ஆசைப்படுகிறாள், இவன் மீன் செதிலை எண்ணச் சொல்கிறான். வெளியே வந்துவிட்டோம்.

பிறகு எஸ்.பி. ரோடு. அந்த ரோட்டின் நெருக்கடி தெரியுமே, இரண்டு பக்கமும் வயரும் டப்பாவும், நடுவில் வண்டி, காலுக்குக் கீழே சாக்கடை. ஒரு சின்னக் கடை. என் வயசு ஆள் ஒருவர் வெற்றிலை பாக்கை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பிளேயர்களை எடுத்து முன்னால் வைத்தார். ஒன்று வெளிநாட்டு மாடல், மெலிசாக, விளையாட்டுச் சாமான் மாதிரி. இன்னொன்று இங்கேயே அசெம்பிள் செய்தது, கறுப்பு, அகலம், முன்பக்கம் பளபளப்பு. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பெரியவள் இரண்டு டப்பாவிலும் எழுதியிருந்ததை நின்று நிதானமாகப் படித்தாள். மெலிசானதுதான் எல்லா வகை டிஸ்க்கும் படிக்கும், வீட்டில் எழுதின டிஸ்க்கும் படிக்கும் என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் அப்படி ஒன்றும் போடவில்லை என்று சொன்னாள். வீடியோக்காரன் கொடுத்தது கடை டிஸ்க் இல்லை, எழுதின டிஸ்க், அதனால் இதுதான் சரி என்றாள். எட்டாவது படிக்கிற பிள்ளை எவ்வளவு சரியாக யோசித்திருக்கிறது என்று இன்றைக்குத் தெரிகிறது.

அன்றைக்கு நான் மெலிசானதைத் தூக்கினேன். காலி டிபன் டப்பா மாதிரி இருந்தது.

கடைக்காரர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே நொடியில் ஆளை எடை போட்டுவிட்டார். கறுப்பை என் பக்கம் தள்ளி, "எத்தி நோடி சார்" என்றார் கன்னடத்தில். தூக்கிப் பாருங்கள் என்கிறார். தூக்கினேன். கனமாக, அடி அழுந்தி, உள்ளங்கையில் நல்ல மால் போல உட்கார்ந்தது. "பேக்டரி ஆளுங்க கைக்குத் தெரியும் சார், நான் சொல்லத் தேவையில்ல" என்றார் தமிழில். நான் குளிர்ந்துபோனேன்.

"அப்பா, வெயிட்ட வச்சி இன்னாப்பா பண்றது? வெயிட்லயா படம் தெரியும்?" என்றாள் பெரியவள்.

கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. "டப்பால எழுதினத படிக்கறதுக்குப் பேரு படிப்பு இல்ல. வாய மூடிக்கினு நில்லு" என்றேன், கடைக்காரருக்கு முன்னால். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வருகிற வழியில் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். நான் கறுப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதன் பாரத்தை அனுபவித்துக்கொண்டே வந்தேன்.

கடையில் ஐந்து நிமிஷம் போட்டுக் காட்டியபோது நன்றாகத்தான் ஓடியது. மறுநாள் ஞாயிறு காலை அத்தை வீட்டில் கேபிள் மாட்டி, டிஸ்க்கைப் போட்டேன். ஓடியது. ரிமோட்டில் தள்ளித் தள்ளி அந்த இடத்துக்கே போய்விடலாம் என்று சொன்னேன். வேண்டாம், முதலிலிருந்தே வரட்டும் என்றாள். ஓட ஆரம்பித்ததும் போய்விடு என்று சொல்லியிருந்தவள் போகச் சொல்லவில்லை. தனியாகப் பார்க்கத் திடீரென்று பயம் வந்திருக்க வேண்டும். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

படம் உண்மையில் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. அதுவே அசிங்கமாகவும் இருந்தது. முகத்து எண்ணெய், பந்தியில் எச்சில் இலை, மூக்கு சிந்துகிற குழந்தை, ஒன்று விடாமல் தெரிந்தது. "உன் பல்லுல ஒட்டிக்கினு இருக்கிற பாக்கு கூடத் தெரியுதுடா" என்று அத்தை சிரித்தாள். மாமா போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பந்தக்கால், நலங்கு, சொந்தக்காரர் வரிசை, இப்படியே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடியது. பிறகு தெருமுனை வந்தது. பேண்டு செட்டு வந்தது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து, நடுவில் புதுச் சட்டையோடு மாமா வந்தார். அத்தை பாயிலிருந்து முழங்காலில் எழுந்து நின்றாள். மாமா சுற்றும் முற்றும் ஒரு தடவை பார்த்தார். கையை மெல்லத் தூக்கினார். தோள் வரைக்கும் வந்தது.

படம் கட்டம் கட்டமாக உடைந்தது. மாமாவின் முகம் நாலு சதுரமாக நின்றது. பெட்டிக்குள் கரகரவென்று ஒரு சத்தம். திரை கறுத்தது. டிஸ்க் இல்லை என்று இங்கிலீஷில் எழுத்து வந்தது.

வெளியே எடுத்தேன், துடைத்தேன், போட்டேன். டிஸ்க் இல்லை. ஊதினேன், திருப்பி வைத்தேன், வயரைப் பிடுங்கி மாட்டினேன். எத்தனை தடவை போட்டாலும் அதே எழுத்து. தூசி இருக்கும் அக்கா, லென்ஸில் தூசி இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அத்தை என் கையிலிருந்து டிஸ்க்கை வாங்கி, முந்தானையில் துடைத்து, நீல டப்பாவில் வைத்து மூடினாள்.

"விட்டுடுடா. நான் பாக்கறது அவருக்கே இஷ்டமில்ல போல. அன்னிக்கும் நான் வரதுக்குள்ள நிறுத்திட்டாரு."

நான் பிளேயரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நீங்கள் அம்மாவோடு உல்சூர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தீர்கள். சீல் ஸ்டிக்கரைக் கிழித்தால் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள் என்று தெரியும். கிழித்தேன். மேல்மூடியைக் கழற்றினேன்.

உள்ளே முக்கால் பெட்டி காலி. ஒரு மூலையில் உள்ளங்கை அளவு போர்டு. நடுவில் டிஸ்க் சுற்றுகிற பாகம். அதன் அடியில், பெட்டியின் தரை மேல், நாலு ஸ்க்ரூ போட்டு முறுக்கிய ஒரு இரும்புத் தகடு. வயர் எதுவும் அதற்குப் போகவில்லை. அதிலிருந்தும் எதுவும் வரவில்லை. பெட்டி கனமாக இருப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை.

லென்ஸ் வண்டி டிஸ்க்கின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகப் போக, அதோடு ரிப்பன் மாதிரி ஒரு மெல்லிய கேபிளும் கூடவே போகிறது. படம் ஓட ஓட அந்த ரிப்பன் தகட்டின் விளிம்பில் உரசிக்கொண்டே போயிருக்கிறது. விளிம்பில் பிசிறு இருந்தது. வெட்டுகிற அச்சு மழுங்கினால் தகட்டின் ஓரத்தில் சவரக்கத்தி போல நிற்குமே, அந்தப் பிசிறு. ரிப்பனைப் பாதிக்கு அறுத்திருந்தது.

தகட்டைக் கழற்றித் திருப்பினேன். மூலையில் மஞ்சளில் ஒரு படுக்கைக் கோடு. அதன் மேல் ஒரு புள்ளி.

அந்தத் தகட்டை எனக்குத் தெரியும். ஐந்தாறு மாதமாக எங்கள் ஷாப்பில் அந்த ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. வேறு எந்த டிராயிங்கிலும் இல்லாத மாதிரி, அதில் எடையைத்தான் பெரிதாகப் போட்டிருந்தது, அறுநூறு கிராம் என்று. எதற்கு என்று கேட்டேன். ஏதோ டம்மி பீஸ் என்றார் சூப்பர்வைசர். ஒரு நாள் பிசிறோடு ஒரு தொட்டி நிறைய வந்தது. நான் சரியில்லை என்று சிவப்பு அட்டை மாட்டினேன். சூப்பர்வைசர் வந்து ஒரு பீஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒளகே இரோ பீஸு, யாரு நோட்தாரே" என்றார். உள்ளே கிடக்கிற பீஸ், யார் பார்க்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அவரே சிவப்பைக் கழற்றிப் பச்சையை மாட்டினார். ஆனால் குறி போட்டது அவர் இல்லை. நான்தான். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டேன், ஒரு கோடு, ஒரு புள்ளி.

சோப்புப் போட்டுக் கை கழுவினேன். மறுபடியும் கழுவினேன். பாரமாக இருந்தால் நல்ல மால் என்று நம்புகிற முட்டாள் இருக்கிறான் என்றுதான் ஒருத்தன் பெட்டிக்குள் இரும்பை வைக்கிறான். அந்த இரும்புக்குப் பாஸ் போட்டதும் அதே முட்டாள். இதில் யார் மேல் காறித் துப்புவது?

மறுநாள் பேக்டரியில் டீ நேரத்தில் சூப்பர்வைசரிடம் சொன்னேன். சண்டை போட வேண்டும் என்றுதான் போனேன். அவர் ஒரு நொடி முழித்தார், பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். "அய்யோ, அத நீனே காசு குட்த்து வாங்கினியா?" என்று எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். ஷாப் முழுக்கச் சிரித்தது. வெல்டிங்காரர் ஒருத்தர், மாமனார் வீட்டு சீர் மாமனாருக்கே போன கதை என்றார். நானும் சிரித்தேன். இதைத்தான் எழுத வேண்டியிருந்தது, நானும் சிரித்தேன். அத்தை டிஸ்க்கை முந்தானையில் துடைத்தது கண்ணுக்கு முன்னால் இருந்தது, அப்படியும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அன்று மத்தியானமே அதே தகடு இன்னொரு தொட்டி வந்தது. தொட்டுப் பார்த்தேன், அதே பிசிறு. சிவப்பு அட்டை மாட்டினேன். நாலு மணிக்கு அது பச்சையாகியிருந்தது. குறி போடச் சொன்னார். போட்டேன். உங்கள் ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டிய மாதம், வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். உண்மை அது இல்லை. காலையில் எல்லாரும் சிரித்து சந்தோஷமாக இருந்தார்கள். அதைக் கெடுக்கிற ஆளாக இருக்க எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான். அந்த ஆர்டர் நிற்கிற வரைக்கும் இன்னும் எத்தனை தொட்டிக்குக் குறி போட்டேன் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தகடுகள் எந்தெந்த வீட்டில் எதை அறுத்தன என்று எனக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை தனியாக எஸ்.பி. ரோடு போனேன். அதே ஆள், அதே கன்னத்தில் பாக்கு. மெலிசானதைக் கேட்டேன். "அது வெயிட் இல்ல சார்" என்றார், போன வாரம் என்னிடம் கற்ற பாடத்தை எனக்கே ஒப்பிக்கிற மாதிரி. காசை எண்ணி வைத்து வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் முதல் வேலையாகத் திறந்து பார்த்தேன். சின்ன போர்டு, லென்ஸ் வண்டி, ரிப்பன். அதைச் சுற்றி எதுவும் இல்லை, ரிப்பன் தாராளமாகப் போய் வந்தது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த ஸ்க்ரூ டிரைவர் பழக்கம்.

அத்தை முதலில் வேண்டாம் என்றாள். அவருக்கு இஷ்டமில்லாததை மறுபடி செய்ய வேண்டாம் என்றாள். அப்போதாவது முழுக்கச் சொல்லியிருக்கலாம். "மாமா ஒண்ணும் பண்ணல அக்கா. மிஷினுதான் கெட்டது" என்று மட்டும் சொன்னேன். எப்படிக் கெட்டது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்தத் தடவை பேண்டு செட்டு வருகிற இடத்துக்கு நேராகத் தள்ளி நிறுத்தினேன். ரிமோட்டில் எது ஓட்டும், எது பின்னால் தள்ளும் என்று காட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

பேண்டு சத்தம் கேட்டது. கூடியது, வாசல் வரைக்கும் வந்து நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி முதலிலிருந்து பேண்டு. மறுபடி நின்றது. மறுபடி. எத்தனை தடவை என்று தெரியாது, கீழ்வீட்டு அம்மாள் வெளியே வந்து, இன்னாப்பா விசேஷம் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கதவு திறந்தது. அத்தையின் முகம் ஈரமாக இருந்தது. சிரிப்பும் இருந்தது.

"அந்த மனுஷனுக்கு ஆடவே தெரியலடா. கைய மட்டும் தூக்கினு நடந்து வராரு. இதுக்கா இத்தன பேரு இவ்ளோ நாளு பேசினாங்க" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் சொன்னேன் இல்ல, நீ எடுத்தா தப்பாதுன்னு."

அப்போதும் வாயைத் திறக்கவில்லை. தலையை ஆட்டினேன். அந்தப் பாராட்டு, வாயில் விழுந்த ஈ மாதிரி, முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. உங்கள் அத்தை அதற்கப்புறம் எத்தனையோ பேரிடம் என்னை அப்படிச் சொல்லியிருக்கிறாள். இந்தக் காகிதத்தை அவளிடம் படித்துக் காட்டுவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்கு வராது.

பெரியவளே, உன்னிடம் கம்பெனி கோளாறு, மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். மாற்றிக் கொடுக்கவில்லை. நீ டப்பாவைப் படித்துச் சொன்னதைத்தான் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தக் கடைக்காரருக்கு முன்னால் உன்னை வாயை மூடச் சொன்னதற்கு இத்தனை வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்கிறேன்.

மாமா ஆடியதை அத்தை பார்த்த அன்று, அவள் வீட்டிலிருந்து வந்த பிறகு நான் மொட்டை மாடிக்குப் போனேன். சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. கறுப்புப் பெட்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த அந்தத் தகட்டையும் என் சின்ன அரத்தையும் எடுத்துப் போயிருந்தேன். முதலில் மஞ்சள் குறியைச் சுரண்டிவிடலாம் என்று நகத்தை வைத்தேன், பிறகு விட்டுவிட்டேன். தண்ணீர்த் தொட்டியின் மேடை மேல் தகட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு பிசிறை அராவினேன். எதற்கும் ஆகாத இரும்பு. நாலு பக்கமும் அராவினேன். கட்டை விரலை விளிம்பில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் தட்டியது. அந்த இடத்தை மறுபடி அராவினேன்.